தண்ணீர் விலகும் பருவம்

தையில் தெப்பம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், எங்கள் ராஜகுளத்துக் குளத்தில் புதிதாக ஒரு படி தலைகாட்டியிருக்கும். மேல்படிகளெல்லாம் வெயிலில் வெளுத்துக் கிடக்க, இது மட்டும் கறுத்து, வழுவழுவென்று, அப்போதுதான் குளித்து ஏறிய பிள்ளையின் முதுகு மாதிரி இருக்கும். சின்ன வயதில் எங்களுக்கு அதுதான் காலண்டர். ‘இன்னும் மூணு படி தெரிஞ்சா முழுப் பரீட்சை’ என்று பேசிக்கொள்வோம். காஞ்சிபுரத்திலிருந்து வரதர் தெப்பத்துக்கு எழுந்தருளும் நாளில் குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டுமே என்று ஊருக்கே கவலை இருக்கும். அவர் திரும்பிப் போனபின் குளத்தை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. எனக்கு அப்புறம்தான் அது பார்க்கத் தகுந்ததாகிறது.

பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ராஜகுளம் ஒரு பெயர்ப்பலகை. கண்ணை இமைத்தால் தாண்டிவிடும். பெயரில் குளம் இருந்தாலும் சுற்றுவட்டாரம் முழுக்க ஏரிகளின் ராஜ்ஜியம். 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பொதுப்பணித் துறைக் கணக்கில் இருந்த ஏரிகளையும் பங்கு பிரித்தார்கள். காஞ்சிபுரத்துக்கு 381, செங்கல்பட்டுக்கு 528. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் அண்டா குண்டா பிரிப்பதுபோல. இதில் ஊராட்சிகளின் கையிலுள்ள சிற்றேரிகள் சேர்த்தியில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசியில் நண்பர்கள் என்னைக் கொடைக்கானலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மலை ஏரியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். ஒரு சுற்றுக்கு ஐந்து கிலோமீட்டர் வரும். தண்ணீரின் மேல் பனி படுத்திருந்தது. சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர்களும் குதிரைக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். பாதி தூரம் வந்ததும் நான் கேட்ட ஒரு கேள்விக்காக இன்றுவரை என்னைக் கிண்டல் செய்கிறார்கள். ‘இதுக்கு மதகு எங்கே இருக்குது?’

கேள்வி அப்படியொன்றும் அசட்டுத்தனமானதல்ல. மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடைத் தண்ணீரைக் கரைபோட்டு மறித்து உண்டாக்கியதுதான் அந்த ஏரி. ஊட்டி ஏரியும் 1820களில் ஜான் சல்லிவன் கட்டச் செய்தது. ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு நிறுத்திய தண்ணீர் என்றால் அது எங்கள் ஊர்க் கணக்கில் ஏரி. ஏரி என்றால் மதகு உண்டு, கலங்கல் உண்டு, கரையடியில் வயல் உண்டு. கொடைக்கானல் ஏரி பார்ப்பதற்கும் படகு விடுவதற்கும் தேக்கியது. அதைச் சுற்றிப் போகும் பாதையும் தண்ணீரைப் பார்ப்பதற்காகவே போட்டது. நடப்பவர்களின் கண் முழுக்கத் தண்ணீர்மேல் இருக்கிறது. காலடியில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. அழகாகத்தான் இருந்தது, குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஏதோ ஒன்று குறைகிறதே என்று அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. அது என்னவென்று ஊருக்குத் திரும்பி, உத்திரமேரூர்ப் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போனபோதுதான் பிடிபட்டது.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாசியும் பங்குனியும் நம் பழைய கணக்கில் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. குளிர்நாட்டுக் கதைகளில் பனி உருகும், ஓடை பெருகும், பிறகு செடி துளிர்க்கும். தண்ணீர் வரவர வசந்தம் வரும். எங்கள் பக்கம் நேர்தலைகீழ். மழை ஓய்ந்து இரண்டு மாதம் ஆன பிறகு, தண்ணீர் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மரங்களுக்குப் புத்தி வருகிறது. புங்கன் இலையைக் கொட்டிவிட்டுக் கண்கூசும் பச்சையில் மறுபடி துளிர்க்கும். அரசு செம்புத் தகடு மாதிரி தளிர்விடும். இலுப்பை பூக்கும். மாமரத்தடியில் பூ உதிர்ந்து புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை. எங்கே வேர் விட்டு எந்தத் தண்ணீரைக் குடித்து இதெல்லாம் துளிர்க்கிறது என்று கேட்டால், எல்லாம் ஏரி மண்ணுக்குள் இறக்கி வைத்த தண்ணீர்தான்.

ராஜகுளத்திலிருந்து வாலாஜாபாத், அங்கிருந்து பழையசீவரம். சின்னக் குன்றின்மேல் நரசிம்மர் கோயில். கீழே பாலாறு. பாலம் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் என்று பெயர். வருடத்தில் பெரும்பகுதி மூன்று மணல்கள் கூடுகிற இடமாக இருந்தது. இப்போது மணலும் அப்படியொன்றும் இல்லை. ஆற்று மணல் தீர்ந்தபின் எம் சாண்ட் வந்தது. எம் சாண்டுக்கு மலை வேண்டும். திருமுக்கூடலிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில் எதிரே வருவதெல்லாம் ஜல்லி லாரி. சாலையோரப் பனைகள் தலையிலிருந்து அடிவரை மாவு பூசிக்கொண்டு நிற்கின்றன. மாசியில் புங்கன் துளிர்க்கும் என்றேனே, இந்தச் சாலையில் அந்தத் தளிர் ஒரே நாளில் சாம்பலாகிவிடும்.

எங்கள் பக்கத்து மலை ஏரியை நான் பார்த்தது இந்தச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தடத்தில்தான். கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரி. நான் சிறுவனாக இருந்தபோது அங்கே ஒரு குன்று இருந்தது. மேலே ஏறி ஆடு மேய்ப்பார்கள். இப்போது குன்று எவ்வளவு உயரமோ ஏறக்குறைய அவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம். பள்ளத்தில் தண்ணீர். அந்த நிறம் எந்த ஏரியிலும் கிடையாது: பச்சையும் நீலமுமாக, மயில் கழுத்து மாதிரி. செங்குத்தான கருங்கல் சுவர்கள் அதில் அப்படியே தலைகீழாகத் தெரிந்தன. போட்டோ எடுத்துச் சுவிட்சர்லாந்து என்று சொன்னால் நம்புவார்கள். மூன்று பையன்கள் மேல்விளிம்பில் உட்கார்ந்து செல்போனில் தங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். இறங்காதீர்கள் என்றேன். ‘எறங்க வழியே இல்லண்ணா’ என்றான் ஒருவன். உண்மைதான். லாரி இறங்கிய சரிவு ஒன்று தண்ணீருக்குள் போய் மறைந்தது. அதைத் தவிர அந்தத் தண்ணீருக்குக் கரை இல்லை, வரத்துக்கால் இல்லை, மதகு இல்லை. வானத்திலிருந்து விழுந்தது அப்படியே நிற்கிறது. கொக்குக்குக்கூட நிற்க ஓரம் இல்லை. மலையும் ஏரியும் ஒரே இடத்தில் வேண்டும் என்று கேட்டால், மலை இருந்த இடத்தில் ஏரி என்றுதான் எங்கள் ஊரில் கொடுத்திருக்கிறார்கள்.

பெரியப்பா இருந்த ஊர் உத்திரமேரூரைத் தாண்டி உள்ளே. ஊர்ப் பெயர் வேண்டாம். அம்மாவின் அக்கா புருஷன் அவர். கம்புகட்டி. நீர்க்கட்டி என்றும் சொல்வார்கள். ஏரி மதகைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு பாயவேண்டும் என்று வாய்க்கால்களை வெட்டிக் கட்டுவது, மழைக்காலத்தில் இரவெல்லாம் கரைமேல் நடந்து காவல் பார்ப்பது, இதெல்லாம் அவர் வேலை. அறுவடையானதும் களத்தில் அவருக்கு நெல் அளப்பார்கள். தொண்டை மண்டலத்து ஊர்களில் இந்த வேலை பெரும்பாலும் எங்களைப் போன்ற தலித் குடும்பங்களிடம்தான் இருந்தது. அதற்குச் சொல்லப்படும் காரணம் விசித்திரமானது: ஏரிப் பாசனத்தில் நிலம் இல்லாதவன்தான் எல்லாருக்கும் சமமாகத் தண்ணீர் விடுவான். அந்த ஏரியின் ஆயக்கட்டில் பெரியப்பாவுக்கு ஒரு சென்ட் கிடையாது. நடுநிலைமைக்கு அவர் கொடுத்த விலை என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்தது அவரில்லை.

கொடைக்கானலிலிருந்து வந்த கையோடு போனேன். மாசி நடுவில், மாலை மூன்று மணிக்குமேல். நவரை நெல் கதிர் தள்ளிக்கொண்டிருந்தது. கரையின் ஒரு பக்கம் பச்சை வயல், மறுபக்கம் பாதி வற்றிய ஏரி. கரைமேல் ஏறினதும் பெரியப்பா என் காலைப் பார்த்தார்.

‘இன்னாப்பா செருப்போட வர்ற? கழட்டு.’

‘முள்ளு இருக்குமே பெரியப்பா.’

‘முள்ளு குத்தினா புடுங்கலாம். கரை என்னா சொல்லுதுன்னு செருப்புக்குத் தெரியுமா?’

கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் கரையின் உச்சியில் நடக்கவில்லை. தண்ணீர்ப் பக்கமும் நடக்கவில்லை. வயல் பக்கம், வெளிச்சரிவில், பாதி உயரத்தில் ஒரு ஒற்றையடித் தடம். ஆடு நடந்தது என்று நினைத்தேன். அவர் நடந்து நடந்து விழுந்த தடம். நாள் முழுக்க வெயில் வாங்கி மண் சுட்டது. நூறு நூற்றைம்பது தப்படி போனதும் நின்று, ‘இங்க வெய்யி’ என்றார். வைத்தேன். ஜில்லென்று இருந்தது. பார்வைக்கு அந்த மண்ணுக்கும் பக்கத்து மண்ணுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஈரம் மேலே வரவில்லை. உள்ளே ஒரு சாண் கீழே எங்கேயோ தண்ணீர் நடமாடுகிறது. நண்டு வளையாக இருக்கும், இல்லாவிட்டால் எலி. இப்போது ஏரி பாதிதான் இருக்கிறது, ஒன்றும் ஆகாது. ஆனால் ஐப்பசியில் நிறைந்தால் இந்த இடத்தில்தான் முதலில் கசியும், பிறகு ஊறும், பிறகு ஒரு ராத்திரியில் அறுத்துக்கொண்டு போகும். அவர் குனிந்து ஒரு காய்ந்த பனை ஓலையைக் கிழித்து, பக்கத்துச் செடியில் முடிச்சுப் போட்டார். கோடையில் களிமண் போட்டுக் கெட்டிக்க அதுதான் அடையாளம். திரும்பிப் பார்த்தபோது நாங்கள் வந்த வழியில் அப்படி இன்னும் நான்கைந்து முடிச்சுகள் இருந்தது தெரிந்தது.

கொடைக்கானலில் உறுத்தியது இதுதான். அங்கே பாதை ஏரிக்கு வெளியே இருக்கிறது. இங்கே பாதை ஏரியின் உறுப்பு. கரையை மிதித்து மிதித்தே கெட்டிப்படுத்துகிறார்கள், மிதிக்கும்போதே நாடி பார்க்கிறார்கள். நடக்க ஆளில்லாத கரையில் முதலில் வேலிக்காத்தான் முளைக்கிறது. சீமைக் கருவேலத்துக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. கரையைக் காக்கிற மாதிரி பெயர், செய்வது வேறு. அது மண்டினால் ஆள் நுழைய முடியாது. ஆள் நுழையாத இடத்தில் நண்டு என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு மதகுப் பக்கமாக ஏரிக்குள் இறங்கினோம். இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு கல், அதில் கழி நுழையும் ஓட்டை. இப்போது இரும்பு ஷட்டர் போட்டுத் திருகு வைத்திருந்தாலும் பழைய கற்களை யாரும் எடுக்கவில்லை. அங்கிருந்து தண்ணீர் ஓரம்வரை ஒரு தடம் போயிற்று. இதுதான் மாசியில் ஏரிக்குள் நடப்பதன் வேடிக்கை: தடம் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போகும். தண்ணீர் விலக விலக, மாடு தண்ணீர் குடிக்கப் போகும் வழி, ஆடு மேயும் வழி, வலைபோடுகிறவர் போகும் வழி எல்லாம் பின்னாலேயே போகின்றன. விட்டுப்போன இடத்தில் சேறு முதலில் பாளம் பாளமாக வெடிக்கிறது, வெடிப்புக்குள்ளிருந்து கோரையும் அருகும் கிளம்புகின்றன. சின்னக் குழந்தை சறுக்கிய மாதிரி ஒரு கோடு சேற்றில் தண்ணீர்வரை போயிருந்தது. நத்தை போன தடம் என்றார் பெரியப்பா. அதன் முடிவில் ஒரு நத்தைக்குத்தி நாரை, கடமையே கண்ணாக, மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டே இருக்கும் அந்த மூக்கு. கூழைக்கடாக்கள் நான்கு, ஆழம் குறைந்து மீன் ஒதுங்கிய மூலையில் அரைவட்டமாகச் சேர்ந்து நீந்திக்கொண்டிருந்தன. இவை வேடந்தாங்கலில் கூடுகட்டுகிறவை. கூட்டிலிருந்து கிளம்பி இரைக்காக இப்படி எங்கள் ஏரிகளையெல்லாம் ஒரு சுற்று சுற்றுகின்றன. வேடந்தாங்கல் விவசாயிகள் 1798இலேயே கும்பினிக் கலெக்டரிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதி வாங்கியவர்கள். எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. பக்தியைவிடக் கணக்குக்கு ஆயுள் கூடுதல் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கலெக்டர் லயனல் பிளேஸ். எங்கள் பக்கத்துக் கதைகளில் அடிக்கடி தலைகாட்டுகிற வெள்ளைக்காரர். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையிலும் அவர்தான். பெருமழை, ஏரி உடையப் போகிறது, கலெக்டர் கூடாரத்தில் தூக்கமில்லாமல் இருக்கிறார். கரை நிலைத்தால் தாயார் சன்னதியைக் கட்டித் தருகிறேன் என்று வேண்டிக்கொள்கிறார். நள்ளிரவில் கரைக்குப் போனால் வில்லும் கையுமாக இரண்டு பேர் காவலாக நடந்துகொண்டிருக்கிறார்கள், ராமரும் லட்சுமணரும். கரை உடையவில்லை. சன்னதியைக் கட்டினார், அவர் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது.

ஏரிக்குள் உட்கார்ந்து இந்தக் கதையைப் பேச்சுவாக்கில் சொன்னேன். பெரியப்பாவுக்குத் தெரியாத கதையா. பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்:

‘அடை மழ. நடு ராத்திரி. கரைமேல ரெண்டு பேரு கையில நீட்டமா எதையோ வெச்சினு நடக்குறாங்க. அது வில்லா கம்பான்னு தொர பக்கத்துல போயா பார்த்தாரு?’

அவர் ராமரைக் கும்பிடாதவர் இல்லை. மதுராந்தகத்துக்கு நடந்தே போய் வந்தவர். அதனால்தான் அந்தக் கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எல்லாரும் அறிவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டியவை. குடவோலை, முப்பது குடும்பு, வாரியங்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினர்களையும் பிறகு சேர்ப்பதில்லை என்ற விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கைதட்டத் தோன்றும். அதற்கும் முன்னால், பல்லவர் காலக் கல்வெட்டுகளிலேயே இந்த ஊர்ப் பெரிய ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். வயிர மேகம்! பொதுப்பணித் துறைப் பலகையில் வெறும் உத்திரமேரூர் ஏரி. அந்தத் தடாகத்தில் தூர் எடுக்கும் ஓடங்களுக்காகப் பொன் வைத்த செய்தியும் கல்லில் இருக்கிறது. பொன் கொடுத்தவர் உண்டு, வாங்கி நிர்வகித்தவர்கள் உண்டு. ஓடத்திலிருந்து இறங்கி இடுப்பளவு தண்ணீரில் சேற்றைக் கூடையில் அள்ளியவர் இல்லை. குடத்தில் பெயர் விழ 35 வயதுக்குமேல் 70க்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், கால் வேலிக்குமேல் வரி கட்டும் நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு இதில் வயது மட்டும்தான் பொருந்தும். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போய் இதுதான் உலகுக்கே முன்மாதிரியான மக்களாட்சி என்று சொன்னபோது நாங்களும்தான் பெருமைப்பட்டோம். பெருமை இப்போதும் முழுக்கப் போய்விடவில்லை. ஆறு பேர் கணக்கு எழுதினார்கள் என்பது கல்லில் இருக்கிறது, கரைமேல் நடந்தவன் எவன் என்பது மண்ணில் இருந்தது, அது மழைக்கு மழை கரைந்துவிட்டது.

ஏரிகள் ஒன்றின் கலங்கல் தண்ணீரில் இன்னொன்று நிரம்பும்படி சங்கிலியாகக் கட்டியவை. செய்யாற்றில் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாய் உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்கு. அது வழிந்தால் அடுத்தவை. ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ளவை வெறும் வரைபடம். பரந்தூரில் 2022இல் விமான நிலையம் அறிவித்தபின் ஏகனாபுரத்துக்காரர்கள் ஏன் இவ்வளவு நாள் விடாமல் போராடுகிறார்கள் என்று நகரத்து நண்பர்கள் கேட்பார்கள். நஷ்டஈடு போதவில்லையா என்பார்கள். வரத்துக்கால் எப்படிப் போகிறது என்று நடந்து பார்த்தவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

பெரியப்பா இறந்து மூன்று வருடமாகிறது. அவருக்குப் பிறகு அந்த ஊரில் கம்புகட்டி இல்லை. போர் போட்ட பிறகு மதகை யார் திறந்தால் என்ன என்று ஆகிவிட்டது. அவர் பையன், என் அண்ணன், ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். போகட்டும், நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கம்பு வீட்டில்தான் இருக்கிறது. பெரியம்மா அதில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள்.

இந்த மாசியில் தனியாகப் போனேன். வேலிக்காத்தான் இரண்டு பக்கமும் சேர்ந்து தலைக்குமேல் முட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச்சரிவுத் தடம் பாதிவரை தெரிகிறது, பிறகு புதருக்குள் போய்விடுகிறது. குனிந்து, சில இடங்களில் உட்கார்ந்து நகர்ந்து போனேன். செருப்பைக் கழற்றியிருந்தேன். இரண்டு முள், பிடுங்கியாயிற்று. ஓலை முடிச்சுகள் எதுவும் மிஞ்சவில்லை. வெயில் நன்றாக ஏறிய மண், அடி அடியாக, ஒரே சூடு. ஒரு இடத்தில் மட்டும் இடது கால் ஜில்லென்றது. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன், சூடு. திரும்ப வைத்தேன், குளிர்ச்சி. சந்தேகமே இல்லை.

அங்கிருந்தே போன் போட்டேன். எந்த அலுவலகம் என்பது இருக்கட்டும். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஏரிக்கரையில் ஒரு இடம் குளிர்ச்சியாக இருக்கிறது சார் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, சர்வே எண் சொல்லுங்கள் என்றார்.

கரைக்குக் கீழே ஒரு பனை இருந்தது. இறங்கிப் போய்க் காய்ந்த ஓலை ஒன்றை இழுத்துக் கிழித்தேன். முடிச்சு அவர் போட்ட மாதிரி வரவில்லை. இரண்டு முறை அவிழ்ந்துவிட்டது. மூன்றாவது முறை இறுக்கிவிட்டு, கால் அந்த இடத்திலேயே இருக்க, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே வயலில் யாரோ மோட்டார் போட்டார்கள்.